பெங்களூரில் போப் ஐயர்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, கற்றறிந்தார் பலர் நம் காலனியில் இருக்க, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்துவிட்ட என்னை ஏன் அழைத்தார் என்று வியந்தேன். ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. சில காலமாக என் நெஞ்சில் கிடந்து உறுத்தும் ஒரு நாணத்தைச் சொல்லித் தீர்க்க இஃது ஏற்ற இடம் என்று தோன்றியது.

யான் இவ்வூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. செயின்ட் மார்க்ஸ் சாலை வழியே எத்தனை முறை சென்றிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அச்சாலையில் மரங்கள் அடர்ந்து, மதில் சூழ்ந்து, பழைய ஆங்கிலக் கட்டடங்களோடு விளங்கும் பிஷப் காட்டன் பள்ளியைப் பார்க்கும்தோறும், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிப் பேருந்தின் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் நம் சங்க நூல் நிலையத்தில், திருக்குறளை ஆங்கிலமாக்கிய போப் ஐயரின் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் பெங்களூரில் பதினோராண்டு காலம் ஒரு பள்ளியின் தலைவராக இருந்தார் என்று அதில் கண்டிருந்தது. அப்பள்ளி, யான் முகந்திருப்பிய அதே பள்ளி. சிறுவயதில் பாடப்புத்தகத்தில் போப் ஐயரைப் பற்றிப் படித்து மனப்பாடமாக ஒப்பித்தவன், அவர் நடந்த தெருவிலேயே நடந்தும் அறியாதிருந்தேன். அன்று தொடங்கி அவரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். அவற்றை நம் காலனிக் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

ஜார்ஜ் யூக்ளோ போப், 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 24-ஆம் நாள், இன்று கனடா நாட்டைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தார். தந்தையார் ஜான் போப், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியினர். வணிகராயிருந்து சமயத் தொண்டராகிக் கடல் கடந்தவர். பிள்ளைக்கு ஆறு வயதானபோது, 1826-இல், குடும்பம் இங்கிலாந்து திரும்பிப் பிளிமத் துறைமுகத்தில் குடியேறியது. போப் வெஸ்லியன் சபையாரின் பள்ளிகளில் பயின்றார். பத்தொன்பதாம் வயதில், 1839-இல், தென்னிந்தியாவில் சமயத் தொண்டு செய்யக் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல்தான். ஆகவே அக்காலத்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரவேண்டும். பயணம் பல திங்கள் நீளும். அந்தக் கப்பலிலேயே அவர் தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டார்.

சென்னையில் அவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர்களுள் இராமாநுச கவிராயர் குறிப்பிடத்தக்கவர். நன்னூலுக்கு உரை கண்ட பெரும்புலவர் அவர். இருபது வயது ஆங்கில இளைஞர் ஒருவர் அத்தகைய புலவர்முன் அமர்ந்து எழுத்தும் சொல்லும் கற்ற காட்சியை எண்ணிப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையே உண்டாகிறது. யான் நன்னூலைத் தேர்வுக்காக மட்டும் படித்து, தேர்வு முடிந்த அன்றே மறந்தவன்.

பின்னர் அவர் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார். 1843-இல் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். தூத்துக்குடியை அடுத்த சாயர்புரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியை அமைத்தார். பனங்காட்டு ஊர்களிலிருந்து வந்த சிறுவர்களுக்கு அங்கே இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்பித்தார் என்றால் நம்புவதற்கு அரிதாயிருக்கும். ஆனால் அது நடந்தது. இன்றும் சாயர்புரத்தில் 1962-இல் தோன்றிய கல்லூரி ஒன்று போப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஈண்டு ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நம் விழா மலர்களில் பெரியோர் வரலாறு எழுதுவோர், அவர்தம் குணங்களை மட்டும் அடுக்கிக் குற்றத்தை விட்டுவிடுவது வழக்கம். போப் ஐயர் மிகக் கடுமையான ஆசிரியர். பிரம்பை நம்பியவர். அதே சீமையில் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் ஐயர், போப்பின் புலமையைப் போற்றியவரே; ஆயினும் அவருடைய கண்டிப்பின் மிகுதியால் சாயர்புரத்து மாணவர்கள் அடிக்கடி கிளர்ச்சி செய்தனர் என்றும், அதனாலேயே அவர் அவ்விடத்தை விட்டு நீங்க நேர்ந்தது என்றும் எழுதிவைத்துள்ளார். யானும் பள்ளிப் பருவத்தில் பிரம்படி வாங்கியவன். என் கையில் தழும்பு இல்லை என்றாலும், அந்த ஆசிரியர் நடத்திய பாடம் இன்றுவரை எனக்குப் பிடிப்பதில்லை. ஆகவே சாயர்புரத்துச் சிறுவர்பால் என் மனம் செல்வதைத் தடுக்க இயலவில்லை.

சாயர்புரக் காலத்தில் அவருக்கு வீட்டிலும் துயரம் நேர்ந்தது. 1841-இல் மணந்த முதல் மனைவியார் மேரி அம்மையார், 1845-இல் தூத்துக்குடியில் காலமானார். 1849-இல் சென்னையில் ஹென்ரியேட்டா அம்மையாரை மறுமணம் செய்துகொண்டு இங்கிலாந்து சென்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து தஞ்சையில் தங்கினார். தஞ்சையிலும் உடனிருந்தாரோடு பிணக்கே மிஞ்சியது. 1850களின் இறுதியில் சமவெளியை விட்டு நீலகிரி ஏறினார். உதகமண்டலத்தில், அங்கே வாழ்ந்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்காக, ஒரு கிராமர் ஸ்கூலை நிறுவி 1870 வரை நடத்தினார்.

கிராமர் ஸ்கூல் என்றதும் நம்மவர் அங்கே நன்னூலும் தொல்காப்பியமும் போல ஏதோ இலக்கணம் நடந்ததாக எண்ணக்கூடும். ஒரு வகையில் அது சரியே. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாகக் கிராமர் ஸ்கூல் என்றால் இலத்தீன் இலக்கணம் கற்பிக்கும் பள்ளி என்பதே பொருள். ஊர்ச் செல்வர் ஒருவர் நிலமோ பணமோ எழுதிவைப்பார். அவ்வூர்ப் பிள்ளைகள் இலத்தீனும் கிரேக்கமும் கற்பர். காலம் மாறிக் கணக்கும் பிறமொழிகளும் வேண்டும் என்று பெற்றோர் கேட்டபோது, 1805-இல் லீட்ஸ் நகரப் பள்ளியைப் பற்றிய வழக்கில் நீதிபதி எல்டன் பிரபு, மூலதனம் இலத்தீன் கிரேக்கத்துக்கே உரியது என்று தீர்ப்புரைத்தார். 1840-இல் தனிச்சட்டம் செய்துதான் அந்தக் கட்டினைத் தளர்த்த முடிந்தது.

அவ்வாறு தோன்றிய பள்ளிகளுள் ஒன்று ரக்பி. 1567-இல் லாரன்ஸ் ஷெரீஃப் என்னும் வணிகர் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஏற்படுத்திய அப்பள்ளி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் ஆர்னால்டு என்னும் தலைமையாசிரியரால் பெரும்புகழ் பெற்றது. ஆர்னால்டிடம் துணையாசிரியராகப் பணியாற்றியவர் ஜார்ஜ் காட்டன். அவர் பின்னர் மார்ல்பரோ கல்லூரியின் தலைவராகி, 1858-இல் கல்கத்தாப் பேராயராக இந்தியா வந்தார். இங்கே வாழும் ஆங்கிலேயர், ஆங்கிலோ-இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ரக்பியைப் போன்ற பள்ளிகள் வேண்டும் என்று முயன்றவர் அவரே. 1866 அக்டோபரில் வங்காளத்தில் குஷ்டியா என்னுமிடத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தைப் புனிதப்படுத்திவிட்டுப் படகுக்குத் திரும்பியபோது, பலகையில் கால் வழுக்கி ஆற்றில் வீழ்ந்து மறைந்தார். உடலும் கிடைக்கவில்லை. அவர் பெயரால் வழங்குவதே நம்மூர்ப் பள்ளி.

1865-இல் செயின்ட் மார்க்ஸ் தேவாலயக் குருவாக இருந்த சாமுவேல் தாமஸ் பெட்டிகுரூ இதனைத் தொடங்கினார். முதலில் ஹைகிரவுண்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டில் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான், 1864-இல், சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு வரை இருப்புப்பாதை வந்திருந்தது. எங்கள் இலாகாவைப் பற்றி யான் பெருமை பேசுவதாக எண்ணவேண்டா. சென்னையிலிருந்து மாட்டு வண்டியில் பல நாள் வந்த தொலைவு ஒரு பகலில் அடங்கியபின், வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி இங்கே வளர்ந்ததில் வியப்பில்லை. நம் முன்னோர் பலர் மூட்டையும் பிள்ளைகளுமாக இவ்வூருக்கு வந்து சேர்ந்ததும் அப்பாதையில்தானே?

போப் ஐயர் 1871-இல் இப்பள்ளியின் தலைமையை ஏற்றார். அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அவர் காலத்தில்தான் பள்ளி செயின்ட் மார்க்ஸ் சாலையில் உள்ள விரிந்த தோட்ட நிலத்துக்கு மாறியது. கல்லூரி வகுப்புகளும் தொடங்கிச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தன. பள்ளி மிக்க சிறப்போடு விளங்கிய ஆண்டுகள் அவை என்பர். இதனோடு ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்திலும் அவர் குருப்பணி ஆற்றினார்.

அந்நாளைய பெங்களூரை நம் பிள்ளைகளுக்குச் சிறிது விளக்கவேண்டும். மைசூர் நாடு அப்போது ஆங்கிலக் கமிஷனரின் நேர் ஆட்சியில் இருந்தது. 1881-இல்தான் மன்னர் குடும்பத்துக்கு மீண்டது. அதன் பின்னும் தண்டுப் பகுதி 1947 வரை ஆங்கிலேயரிடமே இருந்தது. கோட்டையும் பேட்டையும் ஒரு பெங்களூர். 1809-இல் படைகளுக்காக எழுந்த தண்டு மற்றொரு பெங்களூர். தண்டில், அல்சூரிலும் இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதியிலும், படைவீரர், வணிகர், கட்டட வேலையாளர், சமையற்காரர் எனத் தமிழர் நிறைந்திருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போப்பின் பள்ளியில் அன்று இடமில்லை. அது ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் என்று ஏற்பட்ட பள்ளி. திருக்குறளில் தோய்ந்த ஒருவர் தலைவராயிருந்தும், வாயிலில் காவல் நின்ற தமிழனின் மகன் உள்ளே போய் அமர முடியாது. இதனைச் சொல்லாமல் போப் ஐயரைப் புகழ்வது பாதி உண்மையே ஆகும்.

அக்குறையைத் தீர்க்க அதே காலத்தில் ஒரு தமிழர் முன்வந்தார் என்பதை மகிழ்வோடு சொல்லலாம். அட்டாரா கச்சேரி என்னும் சிவந்த பெருங்கட்டடத்தைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர், தரும ரத்னாகர ராய்பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார், 1873-இல் தண்டுப் பகுதி ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று அவர் பெயரிலுள்ள பள்ளிகளையும் கல்லூரியையும் அறியாத தமிழ்க் குடும்பம் நம் பகுதியில் இல்லை. அவர் வரலாறு தனி மலருக்கு உரியது. பிறிதொரு சமயம் எழுதலாம்.

நிற்க. போப் ஐயர் பெங்களூரில் செய்த பணி பள்ளி நிர்வாகம் மட்டும் என்றால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பாடம், உணவு, ஒழுக்கம், கட்டணம், கட்டட வேலை, ஞாயிறுதோறும் வழிபாடு ஆகிய இத்தனைக்கும் நடுவே அவர் தமிழை விடவில்லை. உதகையில் பழகிய தோடர் மொழிக்கு ஓர் இலக்கணச் சுருக்கம் எழுதினார். அது 1873-இல் மார்ஷல் என்பார் தோடரைப் பற்றி எழுதிய நூலில் சேர்ந்து வெளிவந்தது. எல்லாவற்றினும் முதன்மையாக, பம்பாயிலிருந்து வெளியான இண்டியன் ஆண்டிக்குவரி என்னும் ஆராய்ச்சி ஏட்டில், 1878 முதற்கொண்டு திருக்குறளைப் பற்றிய அவருடைய குறிப்புகள் தொடர்ந்து வெளிவந்தன. 1886-இல் உலகம் கண்ட ஆங்கிலத் திருக்குறளுக்கு அவை முன்னோடி. அவற்றை எழுதிய காலத்தில் அவர் இவ்வூர்வாசி. பகலில் ஆங்கிலச் சிறுவர்களின் பள்ளி. அதன் பின்னர் வள்ளுவர். அல்சூர் ஏரியருகே வள்ளுவர் சிலை ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட நாளை நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம். அந்த ஏரிக்குத் தொலைவில்லாத ஒரு பள்ளியில், 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வள்ளுவரை ஆங்கிலத்துக்கு அழைத்துச் செல்ல முனைந்திருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது.

இதைப் படித்தபின் என் வீட்டுக் கதை ஒன்று முள்ளாய்க் குத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகனை ஒரு பள்ளியில் சேர்க்கச் சென்றேன், பெயர் வேண்டா. பிள்ளையோடு வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், தமிழ் பேசினால் குழப்பம் உண்டாகும் என்று அங்கே அறிவுரை கூறினார்கள். யானும் என் மனைவியும் அதனை வேதவாக்காகக் கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் சம்பளப் பட்டியலுக்கும் விடுமுறை விண்ணப்பத்துக்கும் போதுமானது. அதைக்கொண்டு பிள்ளையைத் தாலாட்ட இயலுமா? இன்று அவன் ஆங்கிலமும் கன்னடமும் தடையின்றிப் படிக்கிறான். அது நன்றே, வாழும் நாட்டின் மொழியை அறியாதிருப்பது தகாது. ஆனால் ஊரிலிருந்து அவன் பாட்டி எழுதிய கடிதத்தை யான்தான் படித்துக் காட்டவேண்டியிருக்கிறது. அலுவலுக்கிடையே பிள்ளைக்கு எழுத்துக் கற்பிக்க நேரம் எங்கே என்று இதுவரை சொல்லி வந்தேன். போப் ஐயரின் பெங்களூர் ஆண்டுகளைப் படித்தபின் அவ்வாறு சொல்ல நா எழவில்லை. இப்போது ஞாயிறு காலையில் அவனும் யானும் ஒரு மணி நேரம் தமிழெழுத்துப் பயில்கிறோம். பிரம்பு வைத்துக்கொள்வதில்லை.

1882-இல் அவர் இந்தியாவை விட்டு நீங்கினார். அறுபத்திரண்டு வயதுக்குமேல் நம்மவர் ஓய்வூதியம் பற்றியே பேசுவர். அவருக்கோ அதன்பிறகுதான் பெரும்பணி தொடங்கிற்று. 1884-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். பேலியல் கல்லூரியில் குருவாகவும் இருந்தார். 1886-இல் 1330 குறளும் ஆங்கிலச் செய்யுளாய் வெளிவந்தன. வீரமாமுனிவர் முன்னரே அறமும் பொருளும் இலத்தீனில் தந்திருந்தார். எல்லிஸ் துரையும் துரூ ஐயரும் ஆங்கிலத்தில் ஒரு பகுதி தந்திருந்தனர். முழுவதையும் தாம் ஒருவரே செய்யுளில் தந்த பெருமை போப்புக்கு உரியது. எதுகை நயத்துக்காக அவர் ஆங்கிலம் சில இடங்களில் முறுக்குண்டு நிற்கிறது என்று ஆங்கிலம் வல்ல நண்பர் ஒருவர் எனக்குக் காட்டினார். வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறித்துவ போதகரோடு உலவி அவர்தம் கருத்தை அறிந்திருக்கக்கூடும் என்று போப் முன்னுரையில் எழுதியதை நம் அறிஞர் ஏற்றிலர். அவர் நம்பிக்கை அவரை அவ்வாறு காணச் செய்தது.

1893-இல் நாலடியார் வந்தது. திருவாசகத்தை மொழிபெயர்க்கும் எண்ணம் எழுந்தபோது, இம்முதுமையில் முடிக்க இயலுமோ என்று அவர் பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டிடம் ஐயுற்றார். பெரும்பணி ஒன்றைக் கையில் கொண்டிருப்பதே நீண்டநாள் வாழ வழி என்னும் கருத்துப்பட ஜோவெட் ஊக்கமளித்தார். சொன்னவர் 1893-இல் மறைந்தார். கேட்டவர் தம் எண்பதாம் ஆண்டில், 1900-இல், திருவாசகத்தை முடித்து வெளியிட்டார். வேற்றுச் சமயக் குருவானவர் ஒருவர் மாணிக்கவாசகரின் கண்ணீரை ஆங்கிலத்தில் வடித்துத் தரத் தம் முதுமையைச் செலவிட்டதை எண்ணும்போது, சாயர்புரத்துப் பிரம்பும் இதே கையில்தான் இருந்ததா என்று திகைப்பு உண்டாகிறது. 1906-இல் இராயல் ஆசியக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

அவர் மைந்தருள் ஒருவர் பர்மாவில் கல்விப் பணியிலும், மற்றொருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராகவும் இருந்தனர். ஆர்தர் என்னும் மைந்தரோ இந்தியாவிலும் சீனத்திலும் இருப்புப்பாதைப் பொறியாளராக விளங்கினார். இதைப் படித்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒருவரையும் விடாமல் அழைத்துச் சொன்னேன்.

போப் ஐயர் 1908 பிப்ரவரியில் காலமானார். ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம் கல்லறையில் தம்மைத் தமிழ் மாணவன் என்று பொறிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டதாகவும், அவ்வாறே பொறித்திருப்பதாகவும் நாம் மேடைதோறும் பேசுகிறோம். யானும் பேசியிருக்கிறேன். அக்கல்லைப் படித்தோர் தரும் செய்தி வேறு. அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றும், அவர் வாழ்நாள் உழைப்பைப் போற்றிக் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அக்கல்லை நாட்டினர் என்றும் அதில் கண்டுள்ளது. மாணவன் என்னும் சொல் அங்கே இல்லை. எனக்கு இதில் வருத்தமில்லை. கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் இறந்த ஒருவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று கல்லில் எழுதியிருக்கிறார்களே!

1968-இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. பெங்களூரில் சிலை இல்லை. ஆனால் பிஷப் காட்டன் பள்ளியில் இப்போது எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கின்றனர்; படைத்தலைவர் திம்மையாவும் அணு அறிவியலார் இராஜா இராமண்ணாவும் அங்கே பயின்றவர்களே. மாணவர்களைப் பிரித்து வைத்துள்ள இல்லங்களுள் ஒன்றுக்குப் போப் இல்லம் என்று பெயர். சென்ற மாதம் என் மகனைப் பேருந்தில் அழைத்துச் சென்றபோது, அந்த மதிலைக் காட்டிக் கதையைச் சொன்னேன். அவரும் ஞாயிற்றுக்கிழமைதான் தமிழ் படித்தாரா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கோயில் வேலை இருந்தது என்றேன்.